பட்டுவின் பசி

மூக்குக் கண்ணாடிக்கு பிரேம் தேர்ந்தெடுக்கச் சற்று நேரம் போதும். லென்ஸை அந்த பிரேமின் அளவுக்குத் தேய்த்து, விளிம்பைச் சீவி, பொருத்திக் கொடுக்கத்தான் அரைமணி ஆகும். தேய்க்கும் இயந்திரம் அதுபாட்டுக்கு ஓடும். கண்ணாடிக்காரருக்குக் கை சும்மா இருக்கும், வந்தவருக்குப் பொழுது போகாது. அந்த அரைமணியில்தான் எல்லாம் கெட்டது.

கடை கீழே, வீடு மாடியில். மாடியின் பின்னறையில் அவர் போவா பாம்புகள் வளர்த்தார். காத்திருப்பவர்களை மேலே அழைத்துப்போய்க் காட்டுவது அவர் வழக்கம். பாதிப்பேர் படியிலேயே நின்றுவிடுவார்கள். துணிந்து வந்தவர்களுக்கு அவர் முதலில் சொல்வது, இது மலைப்பாம்பு இல்லை என்பது. இரண்டும் இரையைச் சுற்றி நெரிப்பவைதான். ஆனால் மலைப்பாம்பு முட்டையிடும், போவா குட்டி போடும். "பங்காளிங்க மாதிரிங்க. ஜாடை ஒண்ணு, குடித்தனம் வேற" என்பார்.

வாசலை ஒட்டிய பெட்டியில் மண்ணுளி. அதுவும் போவா இனம்தான். உலர்ந்த மரத்தூளுக்குள் புதைந்தே கிடக்கும். ஈரம் ஆகாது. இதற்கு இரண்டு தலையாமே என்று வருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள். வால் மழுங்கி இன்னொரு தலை போலத் தெரிவதையும், எதிரி அதைக் கடிக்கும்போது நிஜத் தலை தப்பிப்பதையும் அவர் பொறுமையாக விளக்குவார். ஆனால் கேட்கத்தான் விளக்கம் இருக்கும், பார்க்க மரத்தூள் மட்டும்தான். அடுத்த பெட்டியில் வானவில் போவா. வெளிச்சம் பட்டால் தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல அதன் உடலெங்கும் நிறங்கள் ஓடும். மண்ணுளிக்கு நேரெதிர், பெட்டிக்குள் ஈரப்பாசி எப்போதும் இருக்க வேண்டும், காய்ந்தால் சட்டை முழுதாகக் கழலாமல் துண்டு துண்டாகப் பிய்யும். கூச்ச சுபாவம், ஆள் நின்றால் இரையைத் தொடாது. மூன்றாவது பச்சை மர போவா. துவைத்த துணியைக் கொடியில் மடித்துப் போட்டது போலக் கிளையில் தொங்கும். விளக்கை அணைத்தால்தான் வாயைத் திறக்கும். அதன் வயிறு மிக மெதுவாக வேலை செய்யும், சற்றே கூடுதலாகக் கொடுத்தாலும் கக்கிவிடும்.

"மூணும் முகம் குடுக்காத மாப்பிள்ளைங்க" என்பாள் அவர் மனைவி.

நான்காவது பெட்டி சுவரின் முழு நீளத்துக்கும் இருந்தது. அதில் பட்டு. பெரிய வகை போவா. முதுகில் சேணம் போட்டது போல் பட்டைகள், வாலில் செங்கல் நிறம். அவள் கண்ணாடிக்காரருடையவள் அல்ல, அவர் தங்கையுடையவள். விரல் தடிமன் குட்டியாக வாங்கி வளர்த்த தங்கை, கப்பலில் நர்ஸ் வேலை கிடைத்ததும் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். மாதம் ஓர் எலி, அதற்கு மேல் வேண்டாம் என்பது மட்டும்தான் அவள் சொன்னது. அவர் தலையாட்டினார். இந்த விஷயத்தில் தங்கையைவிடத் தனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும் என்ற எண்ணம் அப்போதே அவருக்குள் இருந்தது. நாத்தனார் வளர்த்தது நாத்தனார் மாதிரிதானே என்று மனைவி அந்தப் பாம்புக்குச் சின்ன நாத்தனார் என்று பெயர் வைத்தாள். தொட மட்டும் மாட்டாள்.

பட்டுவுக்கு ஆள் கூச்சம் கிடையாது. பட்டப்பகலில், பத்துப்பேர் பார்க்க, எலியைப் பிடிப்பாள்.

அது எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். எலி உறைபெட்டியில் இருக்கும். அந்தச் செத்த எலியை வெந்நீரில் போட்டு உறைவு நீக்கி, உயிருள்ளதன் சூடு வரும்வரை வைத்து, நீளமான இடுக்கியில் பிடித்து நீட்ட வேண்டும். பட்டு தலையைத் தூக்குவாள். நாக்கு இரண்டு முறை வெளியே வந்து போகும். அடுத்த கணம் எலி இடுக்கியில் இருக்காது. கண் சிமிட்டியவர்கள் அதைத் தவறவிட்டிருப்பார்கள். மூன்று சுருள் விழுந்திருக்கும். சுருளுக்குள் இருப்பதன் இதயத் துடிப்பை போவாவால் உணர முடியும். துடிக்கும்வரை இறுக்கும், நின்றால் விடும். செத்த எலிக்குத் துடிப்பு ஏது? எனவே கண்ணாடிக்காரர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எலிவாலை இடுக்கியால் விட்டுவிட்டு இழுப்பார். உள்ளே உயிர் இருப்பதாக நம்பி பட்டு மேலும் இறுக்குவாள்.  பிறகு பார்த்தவர்களின் முகங்கள் பாம்பிடமிருந்து மெல்லத் திரும்பி அவரைப் பார்க்கும். அவருக்கு வேண்டியிருந்தது அந்தத் திரும்பல்தான்.

மாதம் ஒன்று என்பது மாதம் இரண்டானது. பிறகு யார் வந்தாலும் ஒன்று என்றானது. வானவில் போவாவும் மர போவாவும் தங்கள் சுபாவத்தால் தப்பித்தன. பட்டு தப்பவில்லை.

அவள் ஒருமுறையும் வேண்டாம் என்றதில்லை என்பதுதான் அவருக்குச் சமாதானம். அடுத்த இரை எப்போது வரும் என்று தெரியாமல் ஒளிந்து காத்திருந்து பிடிக்கும் மிருகம் அது. கிடைப்பதை விடக் கூடாது என்பதுதான் அதன் உடம்பு கற்ற பாடம். போதும் என்பதை அது கற்கவே இல்லை. இதையும் அவர் நன்றாக அறிவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் கூடும் பாம்பு வளர்ப்பவர்களுக்கு இதை அவரே விளக்கியிருக்கிறார். அவர்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவரிடம் ஆண் போவா இருந்தது. தங்கையிடம் போனில் சம்மதம் கேட்டு, அந்த ஆணைக் குளிர்காலத்தில் பட்டுவின் பெட்டியில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் பின்னிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தார்கள். அன்றிலிருந்து பல் டாக்டர் அவரைச் சம்பந்தி என்று கூப்பிடத் தொடங்கினார். "பொண்ணு வீட்ல கவனிப்பு பலம்தான். மாப்பிள்ளைக்குத்தான் ஒரு எலி வைக்க ஆளில்ல" என்று தன் பாம்பைத் திரும்ப எடுத்துப்போகும்போது குறைப்பட்டுக்கொண்டார்.

சில மாதங்களில் பட்டுவின் பின்பாதி பருத்தது. சூடு வரும் மூலையைவிட்டு நகராமல் கிடந்தாள். சில நேரம் பக்கவாட்டில் சாய்ந்து வயிற்றைக் காட்டினாள். பிறகு ஒருநாள், வந்தவர்கள் முன்னால், எலியைத் தொடாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். கர்ப்பமான போவா செய்யும் காரியங்கள் இவை அத்தனையும். கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றாக விரல் மடித்து அறிவித்தார். யாருக்கு எத்தனை குட்டி என்று ஞாயிற்றுக் கூட்டம் பேசி முடித்தது. தங்கை கப்பலிலிருந்து போன் செய்து, தனக்கு ஒன்றே ஒன்று போதும், பட்டு சின்னதில் இருந்த மாதிரியே ஒன்று வேண்டும் என்றாள்.  அவள் ஒரு வார்த்தை கேட்டாள், நல்லா சாப்பிடுறாளா என்று. இத்தனை நாள் நல்லாத்தான் சாப்பிட்டா என்றார் அவர்.

நாள் கடந்தும் குட்டி வராததால்தான் டாக்டரிடம் போனார்கள். பாம்பு, ஆமை எல்லாம் பார்க்கும் பிராணி டாக்டர் அவர். பட்டுவைச் சின்னப் பெட்டி ஒன்றுக்கு மாற்றி, அதை ஒருபுறம் அவரும் மறுபுறம் மனைவியுமாகத் தூக்கிப்போனார்கள். மேசையில் கிடத்தி, செதில்மேல் பசை தடவி, ஸ்கேன் கருவியை வைத்து டாக்டர் கீழ்நோக்கி மெதுவாக நகர்த்தினார். கண்ணாடிக்காரர் திரையை எட்டிப் பார்த்து, அந்தச் சாம்பல் நிற உருண்டைகள்தானே குட்டிகள் என்று கேட்டார்.

 டாக்டர் திரும்ப ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"குட்டி இல்ல சார். கொழுப்பு."

பிறகு விளக்கினார். மனிதருக்குக் கொழுப்பு தோலுக்கடியில் சேரும். பாம்புக்கு அது பெரும்பாலும் உடலுக்குள்ளே, பின்பாதியில், இருபக்கமும் மடல் மடலாகச் சேரும். கருவும் அதே இடத்தில்தான் வளரும். வெளியிலிருந்து பார்த்தால் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் வேறு அடையாளங்கள் இருந்தன. நல்ல போவாவைக் குறுக்கே வெட்டினால் ரொட்டித் துண்டு போல இருக்க வேண்டும், அடி தட்டையாக, மேல் வளைவாக. பட்டு குழாய் மாதிரி உருண்டிருந்தாள். அவள் வளையும் இடங்களில் தோல் மடிப்பு விழுந்தது. பக்கங்களில் செதில்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, இடையே வெறும் தோல் தெரிந்தது. கல்லீரலிலும் கொழுப்பு ஏறியிருந்தது. அதனால்தான் அவள் எழவில்லை, தின்னவில்லை.

"என்ன குடுத்தீங்க, எவ்வளவு நாளைக்கு ஒருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

கண்ணாடிக்காரர் செதில்மேல் இருந்த பசையைத் துடைக்கத் தொடங்கினார். மனைவி சொன்னாள். "ஆள் வந்தா குடுப்பாருங்க."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இன்னும் சில மாதங்களுக்கு எலியே கூடாது, தண்ணீர் மட்டும், தினமும் வெளியே விட்டு நகரவைக்க வேண்டும், பிறகு சிறிய இரையாகத் தொடங்கலாம் என்றார். இப்போது ஒரு பெரிய எலி உள்ளே போனால் கல்லீரல் தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

வாடகைக் காரில் வீடு திரும்பும் வழியிலேயே பல் டாக்டரின் போன் வந்தது. சம்பந்தி, எத்தனை குட்டி என்று உற்சாகமாகக் கேட்டார். பெட்டி கண்ணாடிக்காரரின் மடியில் இருந்தது. அதன் கனத்தில் தொடை மரத்திருந்தது. அவர் சொன்னது இதுதான்.

"கரைஞ்சுபோச்சு சம்பந்தி. எல்லாமே உள்ளயே கரைஞ்சுபோச்சாம்."

இது ஒரு சாமர்த்தியமான பொய். வளராத கருவைப் பாம்பின் உடல் தானே உறிஞ்சிக்கொள்வது உண்டு. ஞாயிற்றுக் கூட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும். தெரியவைத்தவர் அவர்தான். வேறு யாருக்கும் வராத பொய் அது. பாம்பு வளர்ப்பவர்களைத் தவிர வேறு யாரிடமும் செல்லுபடியாகாத பொய்யும்கூட. பல் டாக்டர் நெடுநேரம் ஆறுதல் சொன்னார். யானைக்கும் அடி சறுக்கும், இது இயற்கை, உங்கள் தப்பு என்ன என்றார். போனை வைத்த பிறகு மனைவி ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கரைஞ்சது என்னன்னு எனக்குத் தெரியும்."

அன்று மாலை தங்கைக்கும் அதே பொய்யைச் சொன்னார். அவள் அழுதாள். பிறகு, நர்ஸ் அல்லவா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உடனே அடுத்த வேலைக்கு வந்துவிட்டாள். அவ உடம்பு சத்தெல்லாம் போயிருக்கும், நல்லாப் போட்டுத் தேத்துண்ணா என்றாள். சக நர்ஸிடம் கெஞ்சி விடுப்பை முன்னுக்கு மாற்றிக்கொண்டு தானே வருவதாகவும் சொன்னாள்.

ஒரு பொய்க்கு அதன் வேலை முடிந்ததும் போய்விடத் தெரியாது. ஞாயிற்றுக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எலி கொண்டுவந்து தர ஆரம்பித்தார்கள். குட்டி இழந்த தாய்க்கு ஊட்டம் வேண்டுமாம். உறைபெட்டி நிரம்பியது. கண்ணாடிக்காரர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். போட்டேன், தின்றாள் என்றார். ஒன்றையும் போடவில்லை. பட்டுவை மாலையில் தரையில் விட்டுப் பின்னாலேயே முட்டிபோட்டு நகர்ந்தார். உடம்பு சற்றே லேசானதும் அவளுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. அவர் கதவைத் திறந்தாலே தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி, பெட்டியின் கண்ணாடிக் கதவோரம் வந்து நின்றாள். டாக்டர் எச்சரித்திருந்தார், அவள் கேட்பாள், கொடுத்துவிடாதீர்கள் என்று.

தங்கை வந்து இறங்கியது ஒரு ஞாயிறு காலை. கூட்டமும் வந்திருந்தது. பல் டாக்டர் சம்பந்தி முறைக்கு என்று சொல்லி, உறைபெட்டியில் இருந்தவற்றிலேயே பெரிய எலியைத் தானே தேர்ந்தெடுத்து வெந்நீரில் போட்டிருந்தார். தங்கை பையை வைத்ததும் வைக்காததுமாக மாடிக்குப் போய்ப் பெட்டிமுன் உட்கார்ந்தாள். 

"எவ்வளவு பெருசாயிட்டா" என்றாள். "பாவம், உள்ள எல்லாம் போயிடுச்சு, வெளிய பார்த்தா தெரியவே இல்ல." அண்ணன் பக்கம் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இல்லாட்டி இவளும் போயிருப்பாண்ணா."

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். உதவிக்கு வரவில்லை.

பல் டாக்டர் எலியைத் துடைத்து இடுக்கியில் மாட்டித் தங்கையிடம் நீட்டினார். "நீங்க போடுங்கம்மா. பெத்தவ கையால."

தங்கை இடுக்கியை வாங்கினாள். பெட்டியின் கதவை நகர்த்தினாள். பட்டு தலையைத் தூக்கினாள். நாக்கு ஒருமுறை வந்துபோனது. இன்னொரு முறை வந்தால் பாய்ந்துவிடுவாள், பாய்ந்துவிட்டால் பிடுங்க முடியாது. பின்னோக்கி வளைந்த பற்கள் அவளுக்கு; பிடித்த இரை உள்ளேதான் போகும், வெளியே வராது. கண்ணாடிக்காரருக்கு இதெல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவர் இடுக்கியை நடுவில் பிடித்து எலியைக் கீழே தள்ளி, கதவை இழுத்து மூடினார். பட்டு மூடிய கண்ணாடியில் முட்டிக்கொண்டாள். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"போடாத" என்றார். "அவ கர்ப்பமே இல்ல. எப்பவுமே இல்ல."

 அவரே தொடர்ந்தார்.

"கொழுப்பு. நான் போட்டுப் போட்டு வந்தது. டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாங்க. கரைஞ்சுதுன்னு நான்தான் சொன்னேன்."

பல் டாக்டர் எலியைக் குனிந்து எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்த ஒருவர் தனக்கு நேரமாகிவிட்டதாக முணுமுணுத்தார். இன்னொருவருக்கும் நேரமாகியிருந்தது. படியில் செருப்புச் சத்தங்கள் இறங்கின. பல் டாக்டர் கடைசியாகப் போனார். போகும்போது சம்பந்தி என்று கூப்பிடவில்லை, மாஸ்டர் என்றும் கூப்பிடவில்லை. "வரேங்க" என்றார்.

தங்கை பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மாசம் ஒண்ணுன்னுதானே சொன்னேன்?"

"ஆமா."

"அப்புறம் ஏன்?"

விளக்கம் கேட்டால் சந்தோஷப்படுகிறவர் அவர். எந்தக் கேள்விக்கும் அவரிடம் தொடக்கம், நடு, முடிவு உண்டு. இதற்கும் இருந்தது. அவளுக்குப் பசிப்பது போல இருந்தது என்று சொல்லலாம். இணை சேர்க்கும்முன் பெண்ணுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வழக்கம் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. இரண்டையும் வாய்வரை கொண்டுவந்து விழுங்கினார்.

"வர்றவங்க பார்ப்பாங்கன்னு" என்றார். "அவ பிடிக்கறதைப் பார்த்துட்டு என்னைப் பார்ப்பாங்க."

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கப்பல்ல எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னாங்க தெரியுமா. கேப்டன் வரைக்கும். பாம்புக்குப் போய் அழறியேன்னு ஒருத்தர்கூடச் சிரிக்கல." இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "இனி நான் போய் அவங்ககிட்ட என்ன சொல்றது?" என்றாள்.



பட்டுவை அங்கேயே விடுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை. விடுப்பு முடிந்தால் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். பட்டுவைக் கூட்டிப்போக முடியாது. அடுத்த சில நாள் அவள் அண்ணனிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். டாக்டரிடம் அண்ணியோடுதான் போனாள். புறப்படும் முன்தினம் அண்ணியைப் பின்னறைக்கு அழைத்து, கதவை எப்படி நகர்த்துவது, கைக்கு எலிவாசம் இருந்தால் ஏன் உள்ளே விடக் கூடாது, தூக்கும்முன் கொக்கியால் முதுகை மெல்லத் தொட்டால் இது சோறு இல்லை என்று பட்டு எப்படிப் புரிந்துகொள்வாள் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். மனைவி முதலில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். பிறகு திறந்துகொண்டு தொட்டாள். "குளுகுளுன்னுதான் இருக்கா நாத்தனாரு" என்றாள். உறைபெட்டியின் சாவி அவள் இடுப்புக்குப் போனது. கண்ணாடிக்காரர் அடுத்த அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கொக்கி விஷயத்தில் தங்கை ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டாள். எழுந்துபோய்ச் சொல்லலாமா என்று யோசித்து, உட்கார்ந்தே இருந்தார்.

தங்கை போன பிறகு ஞாயிற்றுக் கூட்டம் பல் டாக்டர் வீட்டுக்கு மாறியது. யாரும் சொல்லவில்லை, அவராகத் தெரிந்துகொண்டார்.

கடைக்கு மட்டும் ஆட்கள் வந்தார்கள். ஒரு பெரியவர் லென்ஸுக்குக் காத்திருந்தபோது, மேல ஏதோ பெரிய பாம்பு இருக்காமே, பார்க்கலாமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அதுவும் ஒரு மறைப்புதான் என்று பட்டது. அழைத்துப்போனார்.

கதவு திறந்ததும் பட்டு வந்துவிட்டாள். சற்று மெலிந்திருந்தாள், பக்கங்களில் தளர்ந்த தோல் சுருக்கமாகத் தொங்கியது. கண்ணாடியோரம் தலையை உயர்த்தி இரண்டு பேரையும் பார்த்தாள்.

"அடேயப்பா" என்றார் பெரியவர். "நம்மளப் பார்த்ததும் வருதே. பசிக்குதோ?"

"பசி இல்லீங்க" என்றார் கண்ணாடிக்காரர். "ஆள் வந்தா சோறு வரும்னு நினைக்குது. நான் பழக்கினது."

பெரியவர் சிரித்தபடி அவர் பக்கம் திரும்பினார், மேலே ஏதாவது சொல்வார் என்று. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் கண்ணாடிக்காரர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், எதிலிருந்து தொடங்க வேண்டுமோ அதிலிருந்து. அது தன்னுடைய பாம்பு இல்லை என்றார்.